பெட்ரோல் ஆறுகிற நேரம்

மெட்ராஸ் வெயிலில் பெட்ரோல்கூடக் கொதித்துவிடும். நிறையப் பேருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. கார் வாங்கிய முதல் சித்திரையில், அடையாறு பாலத்தின் நடுவில் அது இரண்டு தடவை இருமிவிட்டு நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுமாம். அப்புறம் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வெறும் ஆவிதான் வரும். பெட்ரோல் ஆறும்வரை ஓரமாக நிற்க வேண்டியதுதான். அவசரமென்றால் பம்பின்மேல் ஒரு ஈரத்துணியைப் போட்டால் போதும், சீக்கிரம் கிளம்பிவிடும்.

காபி வேண்டாம், இன்ஸ்பெக்டர். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

என் பெயர் ஜலஜா. சித்திரக்குளத்துக்குப் பின்னால் வீடு. என் கணவர் ராமானுஜம் இந்தப் பங்குனியில், அறுபத்துமூவர் உற்சவத்தன்று போய்விட்டார். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அதில் தப்பில்லை. யாரும் யார்மேலும் புகார் கொடுக்கவில்லை. நான் வந்தது அடுத்த வீட்டு சாய்சரணுக்காக. அன்று அவரைக் காரில் ஏற்றி ஓட்டியவன் அவன்தான். நடுவழியில் வண்டி நின்றது தன் கைக்கோளாறு, தன்னால்தான் மாமா போனார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். வேலைக்குப் போவதை விட்டுவிட்டான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அப்படியே எழுந்து போகிறான் என்று அவன் அம்மா ஜெயலக்ஷ்மி என்னிடம் வந்து அழுதாள். அவன் ஓட்டினதில் ஒரு குறையும் இல்லை. அதை யாராவது சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

என் கணவர் அரசாங்கத்தில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர். ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைத் தூக்கிப் போடவும் மாட்டார், கடையில் கொடுக்கவும் மாட்டார். தானே பிரித்துப் பார்ப்பார். பாலத்தில் கார் நின்றது அவருக்குப் பெரிய மானக்கேடாகப் போய்விட்டது. ராயப்பேட்டையில் அக்பர் பாஷா என்று ஒரு எலக்ட்ரீஷியன், கார்களுக்கு மட்டும் வேலை செய்கிறவர். அவரைக் கூட்டிவந்து பெட்ரோல் பம்புக்கும் குழாய்க்கும் நேராக ஒரு சின்ன ஃபேன் பொருத்தச் சொன்னார். சூடு ஏறினால் அதுவே ஓடும், ஆறினால் அதுவே நிற்கும். அதன்பிறகு எங்கள் கார் வழியில் நின்றதில்லை, ஃபேன் ஓடினவரைக்கும்.

ஆனால் ஃபேனுக்கும் நோய் வரும். ஃபியூஸ் போகும். சூட்டைப் பார்க்கிற ஸ்விட்ச் போகும். ரிலே மக்கர் பண்ணும். எல்லாவற்றையும்விட மோசம் எர்த் ஒயர். பேட்டரிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு நட்டில் மாட்டியிருக்கும். அது கொஞ்சம் தளர்ந்தால் வீட்டு வாசலில் எல்லாம் சரியாக இருக்கும், சாலையில் குலுங்கினால் விட்டுப்போகும். அவர் ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்திருந்தார், ஒரு பல்பும் இரண்டு ஒயரும். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் நின்று பல்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் ஒயரை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போவார். "எரியறதா?" என்பார். எரியறது என்பேன். "இப்ப?" இல்லை என்பேன். எங்கே எரியாமல் போகிறதோ அதற்கு முன்னால்தான் கோளாறு. இவ்வளவுதான் வித்தை. வருஷக்கணக்கில் பக்கத்தில் நின்றால் யாருக்கும் வந்துவிடும்.

வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "அவளுக்கு இதெல்லாம் புரியாது, பல்பைப் பிடிச்சுண்டு நிப்பள்" என்பார். குத்தலாகச் சொல்லமாட்டார், சாதாரணமாகத்தான் சொல்வார். நானும் சிரிப்பேன்.

அவருக்கு ஒரு வாக்கியம் உண்டு. தெருவில் யார் வந்து காரைக் கேட்டாலும், பகல் வேளையில் எங்கே போகக் கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்வார். "கார்ல ஃபேன் ஓடலை. நடு மத்தியானத்துல எடுத்தா வழியில நின்னுடும். சாயங்காலம் பாக்கலாம்." ஃபேன் ஓடினாலும் சொல்வார். எங்கள் வீட்டில் அது தெரிந்த விஷயம். குழந்தைகள்கூட அதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள்.

எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மஹதி, இளையவள் ஹம்சினி. மஹதியை வடபழனியில் கொடுத்தோம். மாப்பிள்ளை கை நீட்டி அடிக்கிறவர். இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு தடவையும் நான்தான் பேசி, தலை பின்னிப் பூ வைத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டேன். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், போகப் போகச் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை அவர் கார் ஓட்டிக்கொண்டே, "இன்னொரு தடவை வந்தா அனுப்பமாட்டேன் ஜலஜா" என்றார். அவர் கோபத்தில் சொல்வதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தொண்ணூற்று நாலு மே மாதம், ஹம்சினியைப் பெண் பார்க்க வரச்சொல்லியிருந்த நாள். நல்ல இடம். காலையிலிருந்து அடுப்படியில் பட்சணம். உச்சி வெயிலில் மஹதியிடமிருந்து போன் வந்தது. வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அழவில்லை. குரல் மெல்லமாக, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி இருந்தது. "இப்பவே வாங்கோ, கார்ல வந்தா நான் வாசல்லயே நிக்கறேன்" என்றாள். அவளுக்கு எங்கள் வீட்டிலிருந்து கிடைத்த பதில், கார்ல ஃபேன் ஓடலை, நடு மத்தியானத்துல எடுத்தா வழியில நின்னுடும், சாயங்காலம் பாக்கலாம் என்பதுதான். அது என் கணவருடைய வாக்கியம். ஓர் எழுத்து மாறவில்லை.  அவள் சரி என்று போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பெண் பார்க்க வந்தவர்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வடபழனியிலிருந்து வேறு ஒரு போன் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் மஹதியைக் கிடத்தியிருந்தார்கள். அவளாகவே செய்துகொண்டாள் என்றார்கள். மாப்பிள்ளைமேல் கேஸ் இன்னும் நடக்கிறது. உங்களிடம் அந்த ஃபைல் இருக்கும். அந்த மத்தியான போனைப் பற்றி எங்களை யாரும் கேட்கவில்லை. நானும் அவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஆடியிலோ ஆவணியிலோ அக்பர் பாஷா பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார். மஹதி போனபிறகு அன்றுதான் முதல்முறை வருகிறார். என் கணவர் வீட்டில் இல்லை. நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேச ஏதும் இல்லாமல், ஃபேன் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதற்கு அவர், மேயில் வந்து எர்த் ஒயரைப் புதுசாகப் போட்டுக்கொடுத்ததாகவும், சாரே பக்கத்தில் நின்று பார்த்ததாகவும், இனி திருப்பதிவரை நிற்காமல் போகலாம் என்று அவரிடம் சொன்னதாகவும் சொன்னார். எப்போது என்றேன். பெண் பார்க்க வருகிறார்கள், வண்டி சுத்தமாக இருக்கட்டும் என்று சார் கூப்பிட்டாரே அப்போது, என்றார்.

நான் மோர் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று கார் நன்றாக இருந்தது என்று என் கணவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர். நான் செய்ததற்கெல்லாம் இதுதான் அடிப்படை.

மறுநாள் அவர் தூங்கிய பிறகு, மத்தியானத்தில், பானெட்டைத் தூக்கி ஃபியூஸைக் கழற்றி அதன் ஒரு நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் வைத்துத் திரும்ப மாட்டினேன். ஏன் என்று எனக்கே அப்போது தெரியாது. கை போனது, செய்தேன். சாயங்காலம் அவர் சாவியைத் திருப்பிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு டெஸ்ட் லேம்பை எடுத்துவந்தார். நான் பல்பைப் பிடித்தேன். எரியறதா என்றார். எரியறது என்றேன்.

மஹதி போனபிறகு அவருக்கு அந்தக் கார் ஒன்றுதான் இருந்தது. யார் கேட்டாலும் தட்டிக்கழிக்கிற பழக்கம் விட்டுப்போயிற்று. யாருக்கு வேண்டுமானாலும், எந்த வெயிலானாலும் எடுத்தார். எந்நேரமும் அது கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் என்பார். "யாராவது கூப்பிட்டா உடனே எடுக்கணும், அப்படி இருக்கணும் வண்டி" என்பார். குற்றம் செய்தவன்தான் அப்படி அலைவான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆகவே அதைத் தயாராக இருக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஃபியூஸ் பழகிவிட்டது, முதலில் அதைத்தான் பார்க்கிறார் என்றால், ஒயரை உறைக்குள்ளேயே மடக்கி மடக்கி உள்ளே செம்பு முறியும்படி செய்வேன். வெளியே பார்த்தால் புது ஒயர் மாதிரி இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம்கூட ஆகும். கண்டுபிடித்தால் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார். "பிடிச்சுட்டேன் ஜலஜா, இங்கதான் ஒளிஞ்சுண்டிருந்தது" என்பார். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் வியர்வை. அந்தச் சமயத்தில் எனக்கும் ஒரு சந்தோஷம் வரும், பொய் சொல்லமாட்டேன். நல்ல காபியாகப் போட்டுக் கொடுப்பேன். கொடுத்துக்கொண்டே, அடுத்தது எங்கே வைக்கலாம் என்று யோசிப்பேன்.

ஒருநாள் அவருக்கு லேசாக மார்பு வலித்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, வெயிலில் நிற்கக்கூடாது, குனிந்து நிமிர்ந்து வேலை கூடாது என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரையை நான் ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்பர் பாஷா ஒருத்தருக்குத்தான் சந்தேகம் வந்தது. போன மாசியில் என் கணவர் அவரைக் கூப்பிட்டிருந்தார். அரைமணி பார்த்துவிட்டு, இவர் கை கழுவ உள்ளே போனபோது அக்பர் பாஷா என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அம்மா, இது தானா போற ஃபால்ட் இல்ல. யாரோ கை வெச்சிருக்காங்கோ. யாரு, இன்னா கோவம்னு நான் கேக்கல. ஆனா சாருக்கு உடம்பு சரியில்லாம கீது. வண்டி ஒரு நாளு நடு ரோட்ல நின்னுச்சுன்னா ஆளே போய்டும்மா."

 அவர் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்கும் பொண்ணு கீது, புஷ்ரான்னு" என்றார். அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. போய்விட்டார். அதற்குப்பிறகு எர்த் நட்டை மட்டும்தான் தொட்டேன். அது கை வைத்த மாதிரி தெரியாது.

அறுபத்துமூவர் அன்று எங்கள் பக்கமெல்லாம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்தோபஸ்தில் நீங்களும் நின்றிருப்பீர்கள். ஹம்சினி மறுநாள் பெங்களூரிலிருந்து வருவதாக இருந்தது, அங்கேதான் வேலை பார்க்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளை சென்ட்ரலிலிருந்து அழைத்துவர வேண்டும் என்று அவர் காலையிலேயே பானெட்டைத் திறந்துவிட்டார். நான் முந்தின நாள்தான் நட்டைத் தளர்த்தியிருந்தேன். ஃபியூஸ் பார்த்தார், ரிலே பார்த்தார், ஸ்விட்சைப் பார்த்தார். எல்லா இடத்திலும் பல்பு எரிந்தது. வெயில் ஏறியது. உள்ளே வாங்கோ என்று நான் ஒரு தடவை கூப்பிட்டேன். இதோ என்றார். கொஞ்சநேரம் கழித்துப் பார்த்தபோது மட்கார்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, எதையோ தேடுகிற மாதிரி தலையைக் கவிழ்த்து நின்றார். கூப்பிட்டால் திரும்பவில்லை.

ஜெயலக்ஷ்மியும் சாய்சரணும் ஓடிவந்தார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம் என்றாள் அவள். இன்றைக்கு மாடவீதிப் பக்கம் எதுவும் உள்ளே வராது, காரிலேயே போய்விடலாம், அடையாறு பக்கம் போனால் ஆஸ்பத்திரி என்றான் அவன். என்னைப் பார்த்து, "வண்டி ஓடுமா மாமி?" என்று கேட்டான். ஓடும் என்றேன். ஓடும் என்பது உண்மைதான். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை.

பின் சீட்டில் அவர் தலை என் மடியில் இருந்தது. ராமகிருஷ்ண மடம் சாலை முழுக்க ஜனம். ஊர் ஊராக வந்தவர்கள், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, கையில் நீர்மோர் டம்ளரோடு. சாய்சரண் ஹாரன் அடித்துக்கொண்டே, நடக்கிற வேகத்தில் ஓட்டினான். நன்றாகவே ஓட்டினான். அந்த ஃபேன் ஓடினால் முன்னால் ஒரு ரீங்காரம் கேட்கும். அது கேட்கவில்லை. கேட்காது என்று எனக்குத் தெரியும். அப்போதே நிறுத்தச் சொல்லி, இறங்கிக் கையை விட்டு நட்டை ஒரு திருகு திருகியிருக்கலாம். மந்தைவெளி வருவதற்குள் கார் இருமியது. பிறகு நின்றது.

அவன் ஸ்டார்ட் பண்ணினான், பண்ணினான், பேட்டரி முனகும்வரை பண்ணினான். இறங்கி பானெட்டைத் திறந்தான். வியர்த்துக் கொட்ட ஜன்னலண்டை வந்தான்.

"மாமி, மாமா எப்பவாவது சொல்லியிருக்காரா? இப்படி நின்னா என்ன பண்ணணும்னு?"

"எனக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்றேன்.

அவன் ஆட்டோ தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினான். சாலையோரப் பந்தலிலிருந்து ஒரு பெண் வந்து ஜன்னல் வழியாக ஒரு சொம்புத் தண்ணீரும் துண்டும் கொடுத்தாள். துண்டை நனைத்து அவர் உதட்டில் வைத்தேன். மீதித் தண்ணீர் என் கையிலேயே இருந்தது. முழுச் சொம்பு என்றே சொல்லலாம். அந்தத் துண்டை இன்னொரு தடவை நனைத்து, இறங்கி நாலடி முன்னால் போய்ப் பம்பின்மேல் போட்டிருந்தால் கார் கிளம்பியிருக்கும். நான் இறங்கவில்லை. பெட்ரோல் ஆறுகிற நேரம் எனக்கு மனப்பாடம். அது தானாக ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சாய்சரண் செய்யாமல் விட்டது எதுவும் இல்லை. விட்டது நான்.

அப்போது அவர் கண்ணைத் திறந்தார். வலி கொஞ்சம் விட்டிருக்க வேண்டும், முகம் தெளிவாக இருந்தது. வண்டி நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"எர்த்தா இருக்கும் ஜலஜா" என்றார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "மஹதி அன்னிக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். வண்டி நன்னாத்தானே இருந்தது. பறந்துண்டு போயிருப்பேனே" என்றார்.

நான் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து சேர்ந்தபோது அவர் இல்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரிகிறது. போன் வந்ததே அவருக்குத் தெரியாதா என்றுதானே?

அவர் அப்போது வீட்டில் இல்லை. தெற்கு மாடவீதிக்குப் பூ வாங்கப் போயிருந்தார், ஹம்சினி தலைக்கு. போனை எடுத்தது நான்தான். அவர் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, மூத்தவள் வீங்கின முகத்தோடு படியேறி வந்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். ஒரு சாயங்காலம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன், அவ்வளவுதான். அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று அப்புறம் தெரியவில்லை.

எழுதுங்கள், பரவாயில்லை. சாய்சரண்மேல் தப்பில்லை என்பதை முதலில் எழுதிவிடுங்கள். போனில் சொன்னது என் குரல். ஆனால் அது அவருடைய வாக்கியம், இன்ஸ்பெக்டர். அன்று அவர் வீட்டில் இருந்து அவரே போனை எடுத்திருந்தாலும், அதைத்தான் சொல்லியிருப்பார்.